டாலருக்குக் கால் வலி

முதலாளி வீட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறார், கையோடு டேப்பும் எடுத்து வரச் சொன்னார் என்று ஆபீஸ் சித்ராதேவி வந்து சொன்னதும் ராபினுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று தடவை கேட்டதற்குக் கடைசியில் பலன் கிடைத்துவிட்டது என்றே நினைத்தான். மனைவி நின்று வேலை செய்யும் இடத்தில் ரப்பர் மேட் விரிப்பதற்கு அளவெடுக்கத்தான் டேப் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

திருமுருகன்பூண்டி ரோட்டில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்கு ராபின்தான் ஃபிட்டர். தையல் மிஷின் நின்றாலும் அவன், குழாய் ஒழுகினாலும் அவன், முதலாளியின் காரில் ஹார்ன் அடிக்கவில்லை என்றாலும் அவன்தான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவன் மனைவி ரோஸ்மேரிக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உடுப்புகளை லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். காலை எட்டரைக்கு மேஜை முன்னால் நின்றால் இரவு எட்டு வரைக்கும் நிற்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் கறை கண்ணில் படாதாம். துணியில் அழுக்கு ஏறிவிடும் என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஆகவே வெறுங்கால், வெறும் சிமெண்ட் தரை.

இரண்டு வருஷமாக ரோஸ்மேரிக்குக் குதிகால் வலி. காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் அடி வைப்பாள். பெரியாஸ்பத்திரி டாக்டர், வெறும் சிமெண்ட் தரையில் நிற்கவே கூடாது, நின்றால் இன்னும் ஆறு மாதத்தில் நடையே கஷ்டமாகிவிடும் என்று சொல்லிவிட்டார். நிற்க முடியாதவளுக்குச் செக்கிங்கில் வேலை கிடையாது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மேட் இல்லாமல் இல்லை. செக்கிங்கில் பெண்கள் பன்னிரண்டு பேர். ஸ்டோரில் மேட்டும் பன்னிரண்டு. கட்டைவிரல் தடிமனில், கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும் கறுப்பு ரப்பர் மேட். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆடிட்டரை அனுப்புவார்கள். அன்று காலையில் மேட் வெளியே வரும். கட்டிங் மாஸ்டருக்கு இரும்புக் கையுறை வரும், முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும், கழிப்பறையில் சோப்பு வரும். சாயந்திரம் ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாம் துடைத்து அடுக்கி ஸ்டோருக்குப் போய்விடும், பாதி கரைந்த சோப்பு உட்பட.

ரோஸ்மேரியின் காலைச் சொல்லி முதலாளி பழனிமுத்துவிடம் ராபின் முதல் தடவை மேட் கேட்டபோது, "பாக்கலாமுங்க" என்றார். இரண்டாம் தடவை, "பண்ணிப்போடலாமுங்க" என்றார். மூன்றாம் தடவை கொஞ்சம் மனம் விட்டே பேசினார்.

"ஏனுங்க ராபின், தெனமும் ஏறி மிதிச்சா மேட்டு என்னத்துக்குங்க ஆகும்? தேஞ்சு போயிருமல்லங்க. பொறகு ஆடிட்டுக்கு எதைங்க போடறது?"

மரியாதையில் மட்டும் அந்த மனிதரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கேட்டது கிடைக்காது, ஆனால் கிடைக்காது என்பதை இத்தனை மரியாதையாக வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலாளி வீட்டுக்குப் போனால் மாடியில் ஓர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கூண்டு. உள்ளே இரண்டு பிராணிகள். எலி மாதிரி காது, அணில் மாதிரி உட்காருகிறது, வால் நுனியில் மட்டும் குஞ்சம் கட்டியது போல் கறுப்பு முடி. ராபின் வாயைத் திறந்து, "எலி..." என்று ஆரம்பித்தான்.

"எலின்னு சொல்லாதீங்க" என்றார் பழனிமுத்து, யாரோ தன் சம்பந்தியைத் திட்டிவிட்ட மாதிரி. "டேகுங்க. தென்னமெரிக்காவுல, சிலி நாட்டு மலையில இருக்குதாமா. பாப்பா ஆசப்பட்டுதுன்னு வாங்கியாந்தோமுங்க. இது டாலரு, அது யூரோ."

ஏற்றுமதிக்காரர் வீட்டில் வேறு என்ன பேர் வைப்பார்கள்?

பாப்பா என்றது காலேஜ் படிக்கும் மகள் வர்ஷினியை. அவள் டாலரைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பாதத்தின் அடியில் மிளகு அளவுக்கு ஒரு புண். "கீழ பாருங்கண்ணா, தரை பூராவும் கம்பி வலை. கம்பி மேலயே நின்னு நின்னு கால் புண்ணாயிருச்சு. முத்துனா நடக்கவே முடியாதாம்."

பழனிமுத்துவுக்குக் கண் கலங்கியே விட்டது. "நீங்களே சொல்லுங்க ராபின். வாயில்லாத சீவன். நாள் பூரா அப்படி நின்னா காலு என்னத்துக்குங்க ஆகும்?"

ராபினுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு பேருக்கு வாய் இருந்தும் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றியது. ஆனால் டேப்பைத்தான் விரித்தான்.

வர்ஷினி செல்போனைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூண்டு மூன்று அடுக்கு இருக்க வேண்டும். தரையில் வலை கூடாது. எதையும் கடித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் கூடாது. ஒண்டியாக விட்டால் மனம் ஒடிந்துவிடும், எப்போதும் ஜோடி வேண்டும். சூடு தாங்காது. இனிப்புக் கொடுத்தால் சர்க்கரை வியாதி வந்துவிடும்.

"நம்ம குடும்பத்தாட்டமேங்க" என்றார் பழனிமுத்து பெருமையாக. காலையில்தான் அவரும் ஊசி போட்டிருந்தார்.

சக்கரம்தான் முக்கியம் என்றாள் வர்ஷினி. இதுகளுக்கு ஓடியே ஆக வேண்டும். இப்போது இருக்கும் சக்கரம் ஏணி மாதிரி கம்பி கம்பியாக இருக்கிறது. இடுக்கில் கால் மாட்டினால் ஒடியும், வால் மாட்டினால் தோல் அப்படியே உரிந்து வந்துவிடும், மறுபடி வளராது. ஆகவே இடுக்கே இல்லாத சக்கரம் வேண்டும். ஓடும்போது முதுகு வளையாத அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

வேலை என்று வந்துவிட்டால் ராபினுக்கு அதில் குறை வைக்க வராது. அது அவன் புத்தி. கோபத்தோடுதான் ஆரம்பித்தான், இரண்டாம் நாளே கோபம் மறந்து வேலை பிடித்துப் போய்விட்டது. பாத்திரக் கடையில் ஓர் அடிக்கு மேல் அகலமான, அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு, ஓடாமல் கிடந்த பழைய மிஷினின் பேரிங்கைக் கழற்றி அதில் ஏற்றினான். வழுக்காமல் இருக்க உள்சுற்றில் கார்க் தகட்டை வளைத்துப் பொருத்தினான். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. யூரோ ஏறி ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் இறங்கவில்லை.

பழனிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "பாருங்க, என்ன சுறுசுறுப்புங்க! நம்ம லைன்ல ஒருத்தருங்கூட இப்படி ஓடறதில்லீங்களே" என்றார்.

பிறகு கூண்டின் தரையைத் தொட்டுப் பார்த்தவர் முகம் சுருங்கியது. ராபின் தகரம் அடித்திருந்தான். "தகரமுங்களா? டாலருக்குக் காலு வலிக்குமேங்க. மெத்துனு ஏதாச்சும்..." என்று யோசித்தவர் தொடையில் தட்டினார். "ஸ்டோர்ல ஆடிட்டு மேட்டு கெடக்குதல்லங்க? சும்மாதானுங்க கெடக்குது!"

"மொதலாளி, அது செக்கிங் பொம்பளையளுக்குன்னு..."

"ஆடிட்டுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குதுங்க. அதுக்குள்ள புதுசு வாங்கிப்போடலாமுங்க. தட்டுக்கு ரெண்டுன்னு மூணு தட்டுக்கும் சேர்த்து வெட்டிப்போடுங்க. கழுவி மாத்திப் போட இன்னொரு செட்டும் வேணுமுங்களே, பன்னெண்டையும் எடுத்துக்கோங்க."

ரோஸ்மேரியின் காலுக்காக மூன்று தடவை கேட்டுக் கிடைக்காத மேட்டை, ராபின் தன் கையாலேயே வெட்டினான். கூண்டுக்குள் தட்டுக்குத் தட்டு ஏறும் படிக்கு வழி விட அரைவட்டமாக வெட்டினான். இதை எப்படி அவளிடம் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் சொல்லாமலே இருந்தான். கம்பெனியில் எது மறைகிறது? மூன்றாம் நாள் சோறு போடும்போது அவளே கேட்டாள்.

"மேட்டையெல்லாம் எலிக்கு வெட்டிப் போட்டியளாமே?"

"எலி இல்லட்டி. டேகு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. ரோஸ்மேரி சண்டை போடவில்லை. குழம்பை ஊற்றினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். சண்டை போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் என்பது முதலாளியின் கணக்கு. ஆடிட்டருக்கு அது தெரியாது. இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கார் கேட்டில் வந்து நின்றது. ஆடிட்டர் அபிராமி, சென்னையிலிருந்து. முன்கூட்டிச் சொல்லாமல் வரும் ஆடிட்டும் உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததாம், யாரும் அதுவரை படித்ததில்லை.

ஆடிட் வேலைகளைக் கவனிப்பது சித்ராதேவிதான். அவள் செல்போனில் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் ஒரே வரி போட்டாள்: "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தாச்சு." வழக்கமான சங்கேதம். அடுத்த நிமிஷம் கையுறை ஓடியது, மருந்து ஓடியது, சோப்பு ஓடியது. மேட்டுக்காக ஸ்டோரைத் திறந்தால் அலமாரி காலி. போன தடவை எடுத்த போட்டோவில் பன்னிரண்டு மேட் பளிச்சென்று இருக்கிறது. அந்த போட்டோ ஆடிட்டர் கையில் இருக்கிறது.

"ராபினண்ணா, பறந்து போயிட்டு வாங்க" என்றாள் சித்ராதேவி, அழாத குறையாக. "எத்தனை இருக்குதோ அத்தனையும் கொண்டாந்துருங்க. நான் ஆபீஸ்ல ஃபைலக் காட்டி நேரத்தைக் கடத்தறேன்."

ராபின் முதலாளி வீட்டுக்குப் பைக்கில் பறந்தான். கூண்டைத் திறந்து மேட்டுகளை உருவினான். கழுவி வைத்திருந்த செட்டையும் சேர்த்துக் கட்டினான். டாலர் வெறும் தகரத்தின் மேல் நின்று அவனையே பார்த்தது. "ஒரு நாள் நின்னு பாரு. தெரியும்" என்று அதனிடம் சொல்லிவிட்டு இறங்கினான். சொன்ன பிறகு பாவமாகத்தான் இருந்தது. அது என்ன செய்யும்? அதுவா மேட் கேட்டது?

பின்பக்கக் கேட் வழியாக வந்து, ஈரத் துணியால் ஒரு துடை துடைத்து, பன்னிரண்டு பேர் காலடியிலும் விரித்து முடித்தபோது ஆடிட்டரும் சித்ராதேவியும் செக்கிங் ஹாலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அபிராமி நேராக முதல் மேஜைக்கு வந்தார். முதல் மேஜை ரோஸ்மேரியுடையது.

"தினமும் இந்த மேட் மேலதான் நின்னு வேலை பாக்குறீங்களாம்மா?"

இதற்குப் பதில் எல்லோருக்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது. மாற்றிச் சொன்னால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் வேலை போகும். ரோஸ்மேரி ராபினை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "ஆமா மேடம். தெனமும் இதுலதான் நிக்கோம்" என்றாள்.

ராபினுக்குத் தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அபிராமி எழுதிக்கொண்டே குனிந்தவர், நிமிரவில்லை. மேட்டின் ஓரத்தை விரலால் தூக்கினார். ஓரம் முழுக்கப் பல் பதிந்து, அப்பளத்தைக் கடித்து வைத்த மாதிரி இருந்தது. அடிப்பக்கத்தில் வைக்கோல். வைக்கோலோடு புழுக்கை.

"சித்ராதேவி, என்ன இது?"

"அது வந்துங்க மேடம்... பெஸ்ட் கண்ட்ரோலு மாசா மாசம் பண்றமுங்க மேடம். ஃபைலு இருக்குதுங்க."

"தினமும் ஆள் நிக்கிற இடத்துல மேட்டை இவ்வளவு கடிச்சிருக்குன்னா இங்க எத்தனை எலி இருக்கும்? பக்கத்துலயே பேக்கிங். குழந்தைங்க போடற உடுப்பு." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் இதை எழுதியாகணும். லோடு வெளிய போகக் கூடாது."

செய்தி போய், பழனிமுத்து வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். வாசலில் கண்டெய்னர் லாரி பாதி ஏற்றி நிற்கிறது. எலி என்று ஒப்புக்கொண்டால் லோடு போகாது. எலி இல்லை என்றால் பல் யாருடையது என்று சொல்ல வேண்டும். மனிதர் இரண்டு பக்கமும் பார்த்தார். ராபின் தலையைக் குனிந்துகொண்டான், அவன் உதவிக்குப் போவதாக இல்லை.

"மேடம், இது எலி இல்லீங்க" என்றார் பழனிமுத்து கடைசியில். "டேகுங்க."

"என்னது?"

"என்ற புள்ள வளக்கறதுங்க. ஊட்டுல கூண்டு. காலு புண்ணாயிருச்சுன்னு மேட்டை எடுத்துப் போட்டமுங்க." செல்போனை எடுத்து நீட்டினார். "நீங்களே பாருங்க, யூரோ ஓடறத."

இப்போது ஆடிட்டர் கேட்கப் போகிறார், மேட் கூண்டில் இருந்தது என்றால் இந்தப் பெண்கள் எதன் மேல் நின்றார்கள் என்று. ராபின் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தான். கேட்டால் சொல்லிவிடுவது, வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் நிச்சயம் செய்துகொண்டான்.

அபிராமி வீடியோவைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அய்யோ, டேகுவா! நானும் வீட்டுல கினி பிக் ரெண்டு வளர்க்கிறேன் சார், இதுக்குச் சொந்தம்தான். சக்கரம் யார் பண்ணது? இடுக்கே இல்லாம, எவ்வளவு சரியான அளவு! கடையில கிடைக்கவே கிடைக்காது."

"நம்ம ராபினுங்க" என்றார் பழனிமுத்து, உயிர் வந்தவராக.

"ரொம்ப அருமை. ஆனா சார்," என்று அபிராமி திரும்பியபோது முகத்தில் நிஜமான கோபம் இருந்தது, "ரப்பர் மேட்டைப் போய் யாராவது போடுவாங்களா? கடிச்சு முழுங்கினா குடல் அடைச்சுக்கும். செத்துடும் சார். உங்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா?"

பழனிமுத்து வெலவெலத்துப் போனார். "தெரியாதுங்க மேடம். சத்தியமாத் தெரியாதுங்க."

"இனிமே இந்த மேட் அந்தக் கூண்டுப் பக்கமே போகக் கூடாது. பனியன் கம்பெனி வச்சிருக்கீங்க, மெத்துனு துணியா இல்ல? பருத்தித் துணி போடுங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க."

எலி இல்லை என்று ஆகிவிட்டதால் லோடு போகலாம் என்றார். படிவத்தில் மேட் இருக்கிறதா என்றுதான் கேள்வி இருந்தது. எங்கே இருந்தது என்ற கேள்வி இல்லை. 'ஆம்' என்று போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, டாலருக்கு எந்தக் களிம்பு தடவ வேண்டும் என்பதை மட்டும் தனித் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ராபின் காத்திருந்த கேள்வி வரவே இல்லை. அவன் துணிச்சல் அப்படியே கையில் இருந்தது, என்ன செய்வது என்று தெரியவில்லை.

கார் கேட்டைத் தாண்டியதும் ஸ்டோர்க்காரர் முனீஸ் வழக்கம் போல மேட்டைச் சுருட்ட வந்தார். ரோஸ்மேரி காலைத் தூக்கி வழி விட்டாள், பழக்கம்தானே. அந்தக் காலைப் பார்த்ததும் ராபினுக்கு ஏதோ ஒன்று பிடிபட்டது.

"இரு முனீஸு" என்று தடுத்துவிட்டு, அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டான். "மொதலாளி, மேட்டை ஸ்டோர்ல வைக்கச் சொல்லுதாக. எனக்குப் பயமா இருக்கு. யாராவது விவரம் தெரியாதவுக எடுத்து மறுபடி வீட்டுக்கு அனுப்பிட்டா? டாலர் ஒரு கடி கடிச்சிட்டா?"

"அய்யய்யோ! அப்படிப் பண்ணிப்போடாதீங்க!"

"தரையோட ஒட்டிரட்டுமா மொதலாளி? பிச்சாலும் வராது."

"ஒட்டிப்போடுங்க. இன்னைக்கே ஒட்டிப்போடுங்க. நல்ல காரியமுங்க ராபின், உங்களுக்குத்தானுங்க பொறுப்பு இருக்குது."

ராபின் டப்பா டப்பாவாகப் பசை வாங்கி வந்து, பன்னிரண்டு மேட்டையும் மூலை விடாமல் ஒட்டினான். அவ்வளவு ஆசையாக அவன் எந்த வேலையையும் செய்ததில்லை. மூன்று தடவை ரோஸ்மேரியின் கால் என்று சொன்னபோது இறங்காத மனசு, டாலரின் குடல் என்றதும் இறங்கிவிட்டது. நினைத்தால் ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் அவள் ஏறி நின்று, குதிகாலை மெல்ல ஊன்றிப் பார்த்தபோது அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்படவும் செய்தான்.

"அதுகளுக்கு விஷம்னு சொன்ன பொறவுதான் நமக்குன்னு வருது, பாத்தியளா?" என்றாள் ரோஸ்மேரி. அவள் மேட்டில் கூண்டுப் படிக்காக வெட்டிய அரைவட்டம் இருந்தது. அந்த இடைவெளியில் குதிகால் சிமெண்டில் படாமல் நிற்க ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். பழனிமுத்து செக்கிங் ஹால் பக்கம் வந்தார், முகம் மலர்ந்து இருந்தது. ராபின் அங்கே டியூப் லைட் மாற்றிக்கொண்டு ஸ்டூலில் நின்றான்.

"ராபின், நல்ல சேதிங்க! டாலருக்குக் காலு பூராவும் ஆறிப்போச்சுங்க. சக்கரத்துல யூரோவை மிஞ்சி ஓடுதுங்க."

"சந்தோசம் மொதலாளி" என்றாள் முதல் மேஜையிலிருந்த ரோஸ்மேரி, கையிலிருந்த உடுப்பைக் கீழே வைக்காமல். "எனக்கும் இப்ப தேவல."

போய்க்கொண்டிருந்த பழனிமுத்து நின்றார். திரும்பி வந்தார். அந்த முகத்தில் இருந்த அக்கறை பொய்யே இல்லை என்பதை ராபின் ஸ்டூல் மேலிருந்து நன்றாகப் பார்த்தான்.

"அடடா" என்றார் அவர். "உங்க காலுக்கு என்னாச்சுங்க, அம்மிணி?"